முதல் பிஸ்டல்: எந்த போர் (குழலின் உள்விட்ட அளவு), எந்த மாடல்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். குறுவை, சம்பா அறுவடை நாட்களில் நெல் கொள்முதலுக்காகப் பெருந்தொகையுடன் இரவில் காரில் வர நேர்கிறது. இரண்டு முறை வழிமறித்தார்கள். காவல் நிலையத்தில் புகாரும் பதிவாகியிருக்கிறது. ஓராண்டு அலைந்து கைத்துப்பாக்கிக்கு உரிமம் வாங்கியிருக்கிறேன். டெக்சாஸில் இருக்கும் என் தங்கை மகன், "மாமா, முதல் துப்பாக்கி என்றால் 9 மி.மீ. குளோக் 19தான், வேறெதையும் பார்க்காதீர்கள்" என்கிறான். ஊரில் பெரியவர்கள் ரிவால்வரே போதும் என்கிறார்கள். எனக்கு பிஸ்டல்தான் பிடித்திருக்கிறது. எந்த போர், எந்த மாடல் வாங்கலாம்?
— மன்னார்குடி வாசகர்

பதில்: உங்கள் தங்கை மகன் சொன்னது அவர் இருக்கும் ஊருக்குச் சரியான யோசனை. 9 மி.மீ. தோட்டா அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். குளோக் 19 பதினைந்து தோட்டா கொள்ளும் மேகசினும் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி), அளவான உதைப்பும், எளிமையான அமைப்பும் கொண்டது. புதிதாகப் பழகுபவருக்கு அங்குள்ள பயிற்சியாளர்கள் அதையே கையில் கொடுப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த யோசனை நம் ஊருக்குப் பொருந்தாது. இந்தியாவில் 9 மி.மீ. என்பது தடை செய்யப்பட்ட போர். படையினரும் காவல் துறையினரும் பயன்படுத்தும் தோட்டா பொதுமக்கள் கையில் இருக்கக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தொடரும் ஏற்பாடு. நான் படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவனாக இருந்தபோது நாள்தோறும் கழற்றிப் பூட்டியது இஷாப்பூரில் செய்த 9 மி.மீ. 1ஏ பிஸ்டலைத்தான். ஓய்வு பெற்று வந்த பிறகு அதே வகைத் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கும் அனுமதி கிடையாது.

உங்கள் உரிமத்தை எடுத்துப் பாருங்கள். மாவட்ட ஆட்சியர் கொடுத்த உரிமம் என்றால் அதில் தடை செய்யப்படாத போர், அதாவது பேச்சுவழக்கில் என்.பி. போர் என்றுதான் இருக்கும். தடை செய்யப்பட்ட போருக்கு உரிமம் தரும் அதிகாரம் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் இருக்கிறது. வடக்கேயிருந்து 9 மி.மீ. தருவிக்கிறேன், காகிதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவருடன் பேச்சையே நிறுத்திவிடுங்கள். ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தடை செய்யப்பட்ட ஆயுதத்தை உரிய அனுமதியின்றி வைத்திருந்தால் ஏழாண்டுக்குக் குறையாமல் பதினான்கு ஆண்டு வரை சிறை. ஆலை, நிலம், குடும்பம் எல்லாவற்றையும் பணயம் வைத்து வாங்க வேண்டிய பொருள் அல்ல அது.

ஆகவே போரைப் பற்றிய கேள்விக்குச் சட்டமே முக்கால் பங்கு பதிலைச் சொல்லிவிடுகிறது. பிஸ்டல் என்று பார்த்தால் உங்கள் முன் நிற்பவை, அங்குலக் கணக்கில் சொல்லப்படும் .22, .25, .32 ஆகிய மூன்று. இவற்றில் .25 மிகச் சிறிய தோட்டா. குழலை விட்டு வெளியேறும்போது அதற்குள்ள ஆற்றல் 90 ஜூலைத் தொடாது. சட்டைப் பையில் வைக்கலாம் என்பதைத் தவிர அதில் நன்மை எதையும் நான் கண்டதில்லை. .22 பழகுவதற்கு அருமையான தோட்டா. உதைப்பு இல்லை, சத்தம் குறைவு. ஆனால் அதில் வெடிமூட்டும் மருந்து தோட்டாவின் விளிம்புக்குள் வட்டமாகப் பூசப்பட்டிருப்பதால், ஏதாவது ஓரிடத்தில் பூச்சு குறைந்து, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி அங்கே அடித்தால் வெடிக்காமல் போகும். இலக்குப் பலகை முன் நிற்பவருக்கு அது ஒரு சிறு எரிச்சல். உயிருக்காகப் போராடுபவருக்கு அப்படியல்ல. எஞ்சுவது .32. அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்வேன். ஜான் பிரவுனிங் 1899இல் வடிவமைத்த இந்தத் தோட்டா 7.65 மி.மீ. என்றும் அழைக்கப்படுகிறது. 71 கிரெயின், அதாவது சுமார் நாலரை கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு 270 மீட்டருக்கு மேல் செலுத்தி, ஏறத்தாழ 170 ஜூல் ஆற்றல் தரும். 9 மி.மீ. தருவதில் இது பாதி கூட இல்லை என்பது உண்மை. எனினும் ஐந்தாறு அடி தூரத்தில் குறி தவறாமல் இரண்டு முறை சுடத் தெரிந்தவரின் கையில் இருக்கும் .32, சுடத் தெரியாதவரின் கையில் இருக்கும் எந்தப் பெரிய போரையும் விட மேலானது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்த வீரர்கள் பெரிய தோட்டாவின் உதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்தவன் நான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடையில் ".32 தோட்டா ஒரு பெட்டி" என்று மட்டும் கேட்காதீர்கள். .32 என்ற பெயரில் இரண்டு தோட்டாக்கள் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிஸ்டல் தோட்டா குட்டை, மொத்த நீளம் 25 மி.மீ. அளவுதான்; குண்டு செம்பு உறை போட்டுப் பளபளவென்று இருக்கும்; அடியில் விளிம்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவினால்தான் தெரியும். ரிவால்வர் தோட்டா அதைவிட ஏழு மில்லிமீட்டர் நீளம், அடியில் ஆணித்தலை போல விளிம்பு எடுப்பாக இருக்கும். குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பயன்படுத்தக் கூடாது. பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களின் அறைக்குள் (தோட்டா உட்காரும் துளை) நுழைந்துவிடும் என்பதாலேயே சிலர் போட்டுப் பார்க்கிறார்கள். அறைக்குப் பொருந்தாத தோட்டா உறை பிளக்கலாம், வாயு முகத்தை நோக்கிப் பின்னால் பாயலாம்.

ரிவால்வரே போதும் என்று உங்கள் பெரியவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. அதை நான் தள்ள மாட்டேன். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். பிஸ்டலில் ஸ்லைடை (குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுத்து அந்தத் தோட்டாவை வெளியேற்றி அடுத்ததை ஏற்ற வேண்டும். அதற்கு இரண்டு கையும், பழகிய புத்தியும் வேண்டும். அறையில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதும் ரிவால்வரில் உருளையைத் திறந்த கணமே தெரிந்துவிடும். பிஸ்டலில் மேகசினை உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று நம்புகிறார்கள். குழலின் அறையில் ஒரு தோட்டா அப்படியே உட்கார்ந்திருக்கும். வீட்டு விபத்துகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை இதுதான். பிஸ்டல் வாங்குவது என்று முடிவு செய்தால், மேகசினை உருவு, ஸ்லைடை இழு, அறையைக் கண்ணால் பார், விரலால் தொட்டுப் பார் என்ற நான்கு செயலும் இதே வரிசையில், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி பழகியாக வேண்டும். வரிசையை மாற்றி முதலில் ஸ்லைடை இழுத்துப் பிறகு மேகசினை உருவினால், நீங்களே ஒரு தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிட்டீர்கள் என்று பொருள்.

இனி மாடல். புதிதாக, உள்நாட்டில் செய்தது வேண்டும் என்றால் கொல்கத்தாவை அடுத்த இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் 'அஷானி' .32 பிஸ்டல் முதலில் நினைவுக்கு வருவது. பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளும் உரிமதாரர்களிடம் கைமாறிக்கொண்டிருக்கின்றன: 1929இல் வெளிவந்த வால்தர் பிபி, அதன் தம்பி பிபிகே, பிரவுனிங் 1910, கோல்ட் 1903 போன்றவை. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதி நிறுத்தப்பட்டதால் இவற்றின் விலை தரத்தோடு தொடர்பில்லாமல் ஏறி நிற்கிறது. வால்தரின் வேலைப்பாடு நேர்த்தியானது என்பதை மறுக்க மாட்டேன். கழற்றிப் பூட்டியவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும் முதல் துப்பாக்கியாக அதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். எனக்குத் தெரிந்த ஒருவர் பரம்பரை நிலத்தில் ஒரு பகுதியை விற்று ஒரு பழைய வெளிநாட்டுப் பிஸ்டலை வாங்கினார். ஒரே ஆண்டில் வெற்றுத் தோட்டாவைப் பிடித்து வெளியே இழுக்கும் சிறு கொக்கி முறிந்தது. மாற்றுப் பாகம் எங்கும் கிடைக்கவில்லை. அவரிடம் இருந்த ஒரே மேகசினின் உதடும், அதாவது தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் விளிம்பும் வளைந்திருந்தது. இன்று அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது.

எதை வாங்கினாலும் சரி, முதலில் உங்கள் கைக்கு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். காலி என்று உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் நீட்டிப் பிடியுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதை விசையின் நடுவில் நேராக உட்கார வேண்டும். எட்டாமல் நுனி மட்டும் பட்டாலோ, விரல் நீண்டு இரண்டாம் கணு வரை உள்ளே போனாலோ, இழுக்கும்போது குழல் பக்கவாட்டில் நகரும். அடுத்து ஸ்லைடை இழுத்துப் பாருங்கள். சிறிய .32 பிஸ்டல்கள் பெரும்பாலானவற்றில் குழலையும் ஸ்லைடையும் பூட்டும் அமைப்பு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் வெடிப்பைத் தாங்குகின்றன. அதனால்தான் பார்க்கப் பொம்மை போல இருக்கும் சிறு பிஸ்டலின் ஸ்பிரிங் இவ்வளவு முரடாக இருக்கிறது. மூட்டை தூக்கிய கைக்கும் அது முதல் நாள் வழுக்கும். வியர்த்த கையால் பத்து முறை தடையின்றி இழுக்க முடியாத துப்பாக்கியை வாங்காதீர்கள். தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி நெம்புகோலைக் கட்டைவிரல் தேடாமல் தொடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பழையதை வாங்கினால் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். கழற்றிய குழலின் ஒரு முனையில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தால் போதும். வரிகள் கூர்மையாகச் சுழன்று போக வேண்டும், அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தால் விட்டுவிடுங்கள். துப்பாக்கியில் பொறித்துள்ள எண்ணும் விற்பவரின் உரிமத்தில் எழுதியுள்ள எண்ணும் ஓர் எழுத்து கூட மாறாமல் ஒத்திருக்க வேண்டும். தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததை விற்பவர், அந்த எண்ணத்தை எழுத்து மூலம் அதிகாரிகளுக்குத் தெரிவித்து 45 நாட்கள் கழிந்த பிறகுதான் கைமாற்ற முடியும். அவசரப்படுத்துபவரிடம் வாங்காதீர்கள். இரண்டாவது மேகசின் இருக்கிறதா என்று கேளுங்கள். மேகசின் பழுதானால் பிஸ்டல் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி ஆகிவிடும்.

துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் எடுத்து வையுங்கள். உங்கள் உரிமத்தில் ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா, ஆண்டுக்கு எத்தனை தோட்டா என்று எழுதியிருக்கும். அந்த அளவுக்குள்தான் வாங்க முடியும். ஆண்டுக் கணக்கு முழுவதையும் அலமாரியில் பூட்டி வைத்துக் காப்பாற்றுபவர்களை நான் அறிவேன். ஐந்து ஆண்டாகக் கையில் இருக்கும் பிஸ்டலில் ஒரு முறை கூடச் சுட்டறியாதவர்கள் அவர்கள். பெரும்பகுதியை முறையான சுடுதளத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் செலவழியுங்கள். திருச்சியில் ரைஃபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியே அங்கு நடந்தது. சேருவதற்கான விதிகளையும் சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுவர அனுமதி உண்டா என்பதையும் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வயல்வரப்பில் வைத்துச் சுட்டுப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். டெல்டா நிலம் தட்டை. குண்டைத் தடுக்க மேடு கிடையாது, தண்ணீர் நிற்கும் வயலில் பட்டால் தெறித்துத் திசை மாறும், ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் நாற்றுப் பறிக்கிறவர் இருப்பார்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஓட்டுநர் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் பிஸ்டலை எடுக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். அதிலும் இரவில், இருபுறமும் வாய்க்கால் உள்ள ஒற்றைச் சாலையில். உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையை 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தருகின்றன; ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் தராது, தேவை எவ்வளவு என்பதைப் பின்னர் நீதிமன்றம்தான் அளக்கும். விவசாயிகளுக்குத் தரும் பணத்தில் இயன்ற அளவை வங்கிக் கணக்கு வழியே அனுப்புங்கள். மீதிக்கு நேரத்தையும் வழியையும் மாற்றி, துணைக்கு ஓர் ஆளோடு பகலில் வாருங்கள். பிஸ்டல் அதற்குப் பிறகு வருவது.

கேள்வி: திருச்சியிலேயே துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கும்போது நாம் ஏன் வங்காளத்தில் செய்த பிஸ்டலைத் தேட வேண்டும்?
— திருவையாறு வாசகர்

பதில்: 1966இல் தொடங்கிய திருச்சித் தொழிற்சாலையின் முதன்மையான வேலை படைகளுக்கான துப்பாக்கிகள், அங்கு உருவான தானியங்கி ரைஃபிளுக்குத் திருச்சியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பொதுமக்களுக்கான .32 பிஸ்டல் இஷாப்பூரிலும், ரிவால்வர் கான்பூரிலும் செய்யப்படுகின்றன. 2021 அக்டோபர் 1 முதல் இவை அனைத்தும் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டன. எந்த ஊரில் செய்தாலும் உரிமமும் வாங்கும் முறையும் ஒன்றுதான்.

கேள்வி: கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கும் என் மகள், பிஸ்டல் சுடும் போட்டிகளில் கலந்துகொள்ள ஆசைப்படுகிறாள். அவளுக்கு வயது 18. நேரடியாக .22 பிஸ்டல் வாங்கிக் கொடுக்கலாமா?
— கும்பகோணம், ஒரு தாய்

பதில்: அம்மா, வேண்டாம். பொதுவாக 21 வயது நிறையாதவர் துப்பாக்கி வைத்திருக்க ஆயுதச் சட்டம் இடம் தராது. இளம் விளையாட்டு வீரர்கள் கண்காணிப்பின் கீழ் பயிற்சி பெறத் தனி விதிகள் உண்டு, அவற்றைக் கிளப்பில் சொல்வார்கள். மகளை 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்கச் சொல்லுங்கள். 4.5 மி.மீ. போரும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கம் வென்றது இந்த ஏர் பிஸ்டலில்தான். ஏர் பிஸ்டலின் விசை எடை (விசையை இழுக்கத் தேவையான எடை) குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் .22 பிஸ்டலுக்கு 1,000 கிராம் என்பது போட்டி விதி. அரை கிலோ விசையைக் குழல் அசையாமல் இழுக்கக் கற்ற விரல், ஒரு கிலோவுக்குத் தானாகவே தயாராகிவிடும். முதல் ஆறு மாதம் கிளப்பின் துப்பாக்கியிலேயே பழகட்டும். எந்தப் பிடி தன் கைக்குப் பொருந்துகிறது என்று அவளே சொல்லும்போது வாங்குங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. முப்பது ஆண்டுகளாக .32 பிஸ்டல் வைத்திருக்கிறார். அதையே என் முதல் துப்பாக்கியாக என் பெயருக்கு மாற்ற முடியுமா?
— மயிலாடுதுறை வாசகர்

பதில்: முடியும். உரிமதாரர் 70 வயதை எட்டியிருந்தாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிருடன் இருக்கும்போதே சட்டப்பூர்வ வாரிசுக்கு உரிமம் வழங்க 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இடம் தருகின்றன. உங்கள் தந்தை இரண்டு வகையிலும் தகுதி பெறுகிறார். ஆட்சியர் அலுவலகத்தில் புதிய விண்ணப்பம், காவல் துறை விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று ஆகியவை உங்களுக்கும் உண்டு. உரிமம் உங்கள் கைக்கு வரும்வரை அந்தப் பிஸ்டலை நீங்கள் வைத்திருக்கக் கூடாது. துடைப்பதற்காகக் கூட அதை எடுத்துக்கொண்டு வெளியே போகாதீர்கள்.

கேள்வி: கடற்கரை ஊரில் பிஸ்டல் துருப்பிடிக்காமல் வைத்திருப்பது எப்படி? தோல் உறையில் போட்டு, தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.
— நாகப்பட்டினம் வாசகர்

பதில்: இரண்டையும் இன்றே மாற்றுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொள்ளும். பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் தோல் உறைக்குள் கிடந்த பிஸ்டலை எடுத்தால், உறையின் தையல் பட்ட இடத்தில் ஸ்லைடின் மேல் செம்பழுப்பு நிறக் கோடு ஓடியிருக்கும். உறை வெளியே கொண்டுபோகும் நேரத்துக்கு மட்டும். வீட்டில் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இரும்புப் பெட்டியில் பூட்டி வையுங்கள். தோட்டா வேறு பெட்டியில், வேறு சாவியில் இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி விடியற்காலையில் உங்கள் குளியலறைப் புட்டியில் உறைந்து நிற்கும் அதே எண்ணெய், துப்பாக்கிக்குள் ஊசி ஓடும் துளையிலும் உறைந்து நின்றால் அடி மெலிந்து, தோட்டா வெடிக்காமல் போகலாம். துப்பாக்கிக்கென்று விற்கும் தாது எண்ணெயை இரண்டு சொட்டு, விரலில் பிசுபிசுப்புத் தெரியாத அளவுக்குத் தடவினால் போதும். நாகையின் உப்புக் காற்றுக்கு மாதம் இரு முறை துடைக்க வேண்டும். வியர்த்த கையால் தொட்ட நாளில் அன்றே துடைத்துவிடுங்கள்.

ஆயுத பூஜைக்குப் பல வீடுகளில் துப்பாக்கியைப் படத்தின் முன் வைத்துச் சந்தனம், குங்குமம் இடுகிறார்கள். வைப்பதற்கு முன் துப்பாக்கியின் தோட்டா அறையைப் பார்த்துக் காலி செய்யுங்கள். கும்பிட வரும் பிள்ளைகள் முதலில் கை வைப்பது அதில்தான். பொட்டை மரப்பிடியின் மேல் வையுங்கள், குழல் வாயில் வைக்காதீர்கள். மறுநாள் காலை பூஜையில் வைத்த மற்றவற்றை எடுப்பதற்கு முன்பே அதை எடுத்துத் துடைத்து, எண்ணெய் தடவிப் பூட்டிவிடுங்கள்.